மாடிக்கு வந்த மலைக்காட்டுப் பூ: உங்கள் சால்வியா அனுபவம் என்ன?

மேற்கு மாம்பலத்திலிருந்து:
மார்கழி பிறந்தால் நர்சரிகளில் சிவப்பு சால்வியா வந்து இறங்கிவிடும். சாணளவுச் செடி, உச்சியில் ஒரு கொத்து. இதன் பூர்வீகம் பிரேசிலின் மலைக்காடு, அங்கே நாலடி வரைகூட வளரும் என்றால் அந்தத் தொட்டியைப் பார்த்தவர் நம்பமாட்டார். நங்கநல்லூரில் அத்தை வீட்டுக் கிணற்றடியில் பழைய நெட்டை ரகம் நிற்கிறது. கிளை ஒடித்து வந்து மாடியில் வைத்தேன்.

இடுப்பளவு வளர்ந்ததும் தேன்சிட்டு வர ஆரம்பித்தது. பூவே பறவைக்கென்று அமைந்ததுதான்: நீளக் குழல், ரத்தச் சிவப்பு, வண்டு வசதியாக உட்காரக் கீழுதடு கிடையாது. பிரேசிலின் ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) அந்தரத்தில் நின்றபடியே குடித்துவிடும். நம் தேன்சிட்டுக்குக் கால் ஊன்ற இடம் வேண்டும். தண்டைப் பற்றிக்கொண்டு வளைந்த அலகை உள்ளே விட்டு எடுத்தபோது, அதன் நெற்றியில் மகரந்தம் அப்பியிருந்ததைப் பார்த்தேன். என்ன சந்தோஷம்! குட்டைச் செடிப் பக்கம் அது வந்ததே இல்லை. பூனை பாயும் உயரத்தில் இருக்கும் பூவை எந்தச் சிட்டு நம்பும்?

அம்பத்தூரிலிருந்து:
அக்கா, எங்கள் வீட்டில் கருவண்டு ராஜ்ஜியம். வாசல் வழியாகப் போகாமல் குழலின் அடியைக் கீறித் தேனை உறிஞ்சிவிடுகிறது. உதிர்ந்த பூவை எடுத்துப் பாருங்கள், அடியில் சின்னக் கீறல் இருக்கும். ஒரு சந்தேகம்: பூ கொட்டிய பிறகும் செடி சிவப்பாகவே நிற்கிறதே?

மேற்கு மாம்பலம்:
அது புல்லிவட்டம் தம்பி, பூவின் அடியைச் சுற்றியிருக்கும் உறை. இதில் அதற்கும் பூவின் நிறமே. இதழ் சில நாளில் விழுந்துவிடும், புல்லிவட்டம் வாரக்கணக்கில் நிற்கும். உள்ளே அதிகபட்சம் நாலு விதை. துளசிப் பூவைக் கசக்கினாலும் இதே அமைப்புதான், ஒரே குடும்பம்.

வேளச்சேரியிலிருந்து:
எல்லோரும் மொட்டை மாடி வெயிலில் வைத்துவிட்டு, பங்குனியில் கருகிவிட்டது என்கிறார்கள். மரநிழலில் வளர்ந்த இனம் அது. எங்கள் மாமரத்தடியில் காலை வெயில் மட்டும் படுகிறது, சித்திரை வரை பூத்தது. விதை போடும்போது மேலே மண் போட்டு மூடாதீர்கள், வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். அக்கா, நெட்டை ரக விதை கிடைக்குமா?

மேற்கு மாம்பலம்:
கட்டாயம். தை கடைசியில் முற்றும், எடுத்து வைக்கிறேன்.