செயலாய்வுக்கு அடைவுச் சோதனை மதிப்பெண்களையே பயன்படுத்தலாமா?

பயிற்சி ஆசிரியை, திருவொற்றியூர்

அனைவருக்கும் வணக்கம். கணிதத்தை முதன்மைப் பாடமாகக் கொண்டு பி.எட். இரண்டாம் ஆண்டு பயில்கிறேன். 16 வாரப் பள்ளிப் பயிற்சிக்கு ராயபுரத்தில் ஒரு மாநகராட்சிப் பள்ளி கிடைத்துள்ளது. ஏழாம் வகுப்பில் முழுக்கள் பாடத்தை நடத்தி முடித்து, தேர்வும் அளவீடும் பதிவேட்டுக்காக 25 மதிப்பெண்ணுக்கு அடைவுச் சோதனை ஒன்றையும் வைத்துவிட்டேன். வகுப்பில் 38 பேர் இருந்தும் 31 பேரே எழுதினார்கள். வகுப்பில் கண்ட ஒரு சிக்கலுக்குத் தீர்வு செய்து பார்த்து, அதன் பலனை அளந்து எழுதும் செயலாய்வுப் பதிவேட்டில் இம்மதிப்பெண்களையே முன்தேர்வாக, அதாவது தீர்வுக்கு முந்தைய தேர்வாகக் காட்டலாமா? வராதவர்களுக்கு என்ன செய்வது? உடன் பயில்வோர் சிலர் மூத்த மாணவர்களின் பதிவேட்டிலிருந்து, ஒவ்வொரு வினாவும் எப்படி அமைந்தது என்று காட்டும் வினாப் பகுப்பாய்வு அட்டவணையை அப்படியே எடுத்தெழுதுகிறார்கள். அதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் கூடுதல் மதிப்பெண் பெற்ற 27 விழுக்காட்டினரை மேல்நிலைக் குழுவாகவும் குறைவாகப் பெற்ற 27 விழுக்காட்டினரைக் கீழ்நிலைக் குழுவாகவும் கொண்டு ஒப்பிடும் அந்தக் கணக்கு எனக்கு விளங்கவும் இல்லை.

சென்ற ஆண்டு முடித்தவர், தண்டையார்பேட்டை

எடுத்தெழுதவே வேண்டாம், சகோதரி. செய்முறைத் தேர்வுக்கு வரும் வெளித்தேர்வாளர் எந்தப் பக்கத்தையும் திறந்து, "இந்த வினாவை மேல்நிலைக் குழுவில் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள், விடைத்தாள்கள் எங்கே?" என்று கேட்கக்கூடும். தாமே திருத்திய தாள்கள் கையில் இருந்தால் இக்கேள்விக்கு அஞ்ச வேண்டியதில்லை. இன்னொன்று, வழிகாட்டி ஆசிரியர், தலைமையாசிரியர் ஆகியோரின் கையொப்பங்கள் அனைத்தும் முடிந்த பின்னரே பதிவேட்டை பைண்டிங் கடைக்குக் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற கல்வியியல் விரிவுரையாளர், பெரம்பூர்

முதலில் சோதனைகளின் நோக்கத்தைப் பிரித்துக்கொள்வது நல்லது. அடைவுச் சோதனை என்பது ஓர் அலகு முழுவதையும் அறிதல், புரிதல், பயன்படுத்துதல் என்னும் நோக்கங்களின்படி பகிர்ந்து, வினாத்தாள் திட்ட வரைவின்படி அமைப்பது. ஒரு மாணவர் எவ்வளவு கற்றார் என்பதை அது கூறுமேயன்றி, எந்த இடத்தில் ஏன் தடுமாறினார் என்பதைத் தெளிவாகக் கூறாது. அதைக் கண்டறிவது குறையறி சோதனையின் வேலை. எனவே 25க்குப் பெற்ற மொத்த மதிப்பெண்ணை முன்தேர்வாகக் காட்டினால், பின்தேர்வில் தெரியும் உயர்வு எதனால் வந்தது என்று உங்களால் கூற இயலாது.

ஆனால் அந்தச் சோதனை வீணாகிவிடவில்லை. உங்கள் செயலாய்வுச் சிக்கலை அதன் வினாப் பகுப்பாய்வே அடையாளம் காட்டும். 31 பேரின் விடைத்தாள்களை மதிப்பெண் வரிசையில் அடுக்குங்கள். 31இல் 27 விழுக்காடு 8.37, ஆகவே மேலிருந்து 8, கீழிருந்து 8 தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வினாவுக்கு மேல்நிலைக் குழுவில் 7 பேரும் கீழ்நிலைக் குழுவில் 2 பேரும் சரியாக விடையளித்திருந்தால், கடின மதிப்பு (இரு குழுக்களிலும் சேர்த்துச் சரியாக எழுதியோரின் பங்கு) 9/16, அதாவது 0.56, பிரித்தறியும் மதிப்பு (இரு குழுக்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு) 5/8, அதாவது 0.63. பெயர் கடின மதிப்பு என்றாலும், எண் கூடக்கூட வினா எளிது என்பதே பொருள். இங்கேதான் பலர் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள். பிரித்தறியும் மதிப்பு பூச்சியத்துக்குக் கீழே குறை எண்ணாக வந்தால் மாணவர்களைக் குறை சொல்வதற்கு முன், வினாவின் சொல்லமைப்பையும் விடைக்குறிப்பையும் சரிபாருங்கள். 27 விழுக்காட்டு முறை பெரிய எண்ணிக்கைக்கு உரியது. உங்களுடையது போன்ற சிறு வகுப்பில் தாள்களை மேல்பாதி, கீழ்பாதி எனப் பிரித்துக் கணக்கிடுவதும் ஏற்புடையதே. எந்த முறையைக் கையாண்டீர்கள் என்பதை மட்டும் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.

வராத எழுவருக்கு மதிப்பெண் புனைய வேண்டாம். "எழுதியோர் 31" என்று அட்டவணைத் தலைப்பிலேயே குறிப்பிடலாம்.

பட்டதாரி ஆசிரியை, காசிமேடு

ஐயா சொன்னது நூல்முறைப்படி சரியே. ஆயினும் பள்ளியில் தனியாகக் குறையறி சோதனை, குறைதீர் கற்பித்தல், பின்தேர்வு என்று பாடவேளைகளைக் கேட்டுப் பெறுவது எளிதன்று. மாலையில் நிறுத்திவைக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். எங்கள் பகுதியில் பல பிள்ளைகளுக்குத் தம்பி தங்கையரை அழைத்துச் செல்லும் பொறுப்பு இருக்கும். ஒரே பாடவேளையில் முடியும் பத்து வினாக்கள் போதும் என்பது என் கருத்து.

முழுக்களில் நான் ஆண்டுதோறும் காணும் பிழை, −7 + 3 என்பதற்கு −10 என்றும், −5 − (−3) என்பதற்கு −8 என்றும் எழுதுவதாகும். முதல் கணக்குக்கு எண்கோடு உதவும். இரண்டாவதைக் கடனாகச் சொல்லிப் பாருங்கள்: ஐந்து ரூபாய்க் கடனில் மூன்று ரூபாய்க் கடனைத் தள்ளுபடி செய்தால் எஞ்சுவது இரண்டு ரூபாய்க் கடன். கடையில் கணக்கு வைத்துப் பொருள் வாங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடுகிறது.

பதிவேட்டில் பிள்ளைகளின் பெயர்களை எழுதாமல் மா1, மா2 என்று குறியிடுங்கள். பாடக்குறிப்பு, வருகைப் பதிவு, செயலாய்வு ஆகிய மூன்றிலும் தேதிகள் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையில் பின்தேர்வு நடந்ததாக எழுதப்பட்ட பதிவேடுகளும் என்னிடம் கையொப்பத்துக்கு வந்ததுண்டு.

ஓய்வுபெற்ற கல்வியியல் விரிவுரையாளர், பெரம்பூர்

அம்மையார் கூறும் நேர நெருக்கடியை ஏற்கிறேன். பத்து வினாக்கள்தாம் என்றால் அவற்றைப் பல கருத்துகளுக்குப் பரப்பாமல், அவர் சுட்டிய இரு பிழைகளுக்கும் ஐந்தைந்தாக ஒதுக்குங்கள். ஒரே ஒரு வினாவில் தவறுவது கவனக்குறைவாகவும் இருக்கலாம். ஐந்தில் நான்கில் தவறினால் கருத்தே விளங்கவில்லை என்று துணிந்து எழுதலாம். பின்தேர்வில் அதே எண்களைத் திரும்பக் கொடுக்காமல், அதே வகைக் கணக்கை வேறு எண்களோடு அமைத்துக்கொள்ளுங்கள்.