பாலிகார்பனேட் பிலிமில் நுண்லென்ஸ் எம்பாஸ்: ஹார்ட்கோட் போட்டதும் பவர் பாதியாகிறது

பிலிம்ரோல்

குழந்தைகளின் கிட்டப்பார்வைக் கண்ணாடிக்கான சோதனைத் துண்டுகள் செய்கிறோம்: பிலிமில் நுண்லென்ஸ் வடிவத்தைச் சூடாக அழுத்திப் பதிப்பது (எம்பாஸ்). அமைப்பு, 2018-ல் வந்த மியோஸ்மார்ட் கண்ணாடி லென்ஸ் மாதிரிதான்: நடுவே 9 மி.மீ. நுண்லென்ஸ் இல்லாத பகுதி, அதைச் சுற்றி 33 மி.மீ. வரை 1.03 மி.மீ. விட்டமுள்ள சுமார் 400 நுண்லென்ஸ்கள், ஒவ்வொன்றும் கூடுதலாக +3.50 டையாப்டர் (லென்ஸ் பவரின் அலகு).

பிலிம் 0.3 மி.மீ. பாலிகார்பனேட், 80 மி.மீ. வட்டம். நிக்கல் ஷிம் (நுண்லென்ஸுக்கான குழிகள் உள்ள அச்சுத் தகடு) 0.3 மி.மீ. அழுத்துவது 155 டிகிரியில், 3 மெகாபாஸ்கல், 1 நிமிடம். 60 டிகிரிக்கு ஆறவிட்டுப் பிரிக்கிறோம். ஷிம்மில் குழி ஆழம் 0.79 மைக்ரான், பிலிமில் உயரம் 0.77. இதுவரை சரி.

டிப் முறையில் (தொட்டியில் முக்கித் தூக்கி) 3 மைக்ரான் ஹார்ட்கோட் (கீறல் தடுக்கும் பூச்சு, ஒளிவிலகல் எண் 1.50) போட்டு 125 டிகிரியில் 2 மணி நேரம் வேகவைத்தபின் வெளிப்பரப்பு உயரம் 0.3 மைக்ரான்தான். பவர் 1.6, 1.7 டையாப்டர். அதோடு வெளி ஓரத்தில் தேய்த்தது போன்ற தடம், எல்லாம் மையத்தை நோக்கி. சில துண்டுகளில் பூச்சில் மீன்கண் குழிகள். ஷிம்மின் குழியை ஆழமாக்கினால் போதுமா?

டிப்டேங்க்

ஷிம்மைத் தொடுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். பாலிகார்பனேட்டின் ஒளிவிலகல் எண் 1.586. காற்றில் 3.5 டையாப்டர் வேண்டுமானால் வளைவு ஆரம் 0.586 ÷ 3.5, அதாவது 167 மி.மீ. 1.03 மி.மீ. விட்டத்துக்கு அதன் உயரம் 0.79 மைக்ரான். உங்கள் ஷிம் சரியாகத்தான் வெட்டப்பட்டிருக்கிறது.

இந்த 3.5 டையாப்டர் பூச்சுக்குப் பிறகு இரண்டாகப் பிரிகிறது. பிலிமும் பூச்சும் சேரும் இடத்தில் எண் வித்தியாசம் வெறும் 0.086, அங்கே கிடைப்பது 0.5 டையாப்டர். மீதி 3 டையாப்டர் பூச்சின் வெளிப்பரப்பிலிருந்து வரவேண்டும். வெளிப்பரப்பு 0.3 மைக்ரானுக்கு மட்டமாகிவிட்டதால் அங்கே 1.1 மட்டும் தேறுகிறது. கூட்டினால் நீங்கள் அளந்த 1.6. ஆகவே பவர் போன இடம் பூச்சுதான்.

காரணம் பரப்பு இழுவிசை. தொட்டியிலிருந்து வெளியே வரும்போது ஈரப்படலம் 15 மைக்ரான் அளவில் இருக்கும். அந்தத் தடிமனில், தண்ணீர் போல் ஓடும் லாக்கர் (பூச்சுத் திரவம்) 1 மி.மீ. மேடுகளை ஒரு நொடிக்குள் மட்டமாக்கிவிடும். பிறகு கரைப்பான் ஆவியாகிப் படலம் சுருங்கும்போது கொஞ்சம் மேடு திரும்ப வரும். எவ்வளவு வரும் என்பது, எந்த நிலையில் லாக்கர் ஓடுவதை நிறுத்துகிறது என்பதைப் பொறுத்தது. தொட்டியின் வெப்பம், ஈரப்பதம், லாக்கரின் வயது எல்லாம் அதை மாற்றும். செங்குத்தாகத் தூக்கினால் கீழ் ஓரத்தில் படலம் தடிக்கும். மேலே உள்ள நுண்லென்ஸைவிடக் கீழே உள்ளது பலவீனமாக இருக்கும். ஆழமான ஷிம் வெட்டிச் சராசரியைச் சரிக்கட்டலாம், இந்தச் சிதறலைச் சரிக்கட்ட முடியாது. காற்றில் இருக்கும் நுண்லென்ஸுக்கு 0.1 டையாப்டர் என்பது 23 நானோமீட்டர் உயரம். டிப் பூச்சில் அந்தக் கட்டுப்பாடு கிடைக்காது.

மேலே வெற்றிடத்தில் படியவைக்கும் ஏ.ஆர். (பிரதிபலிப்பைக் குறைக்கும்) பூச்சு பற்றிக் கவலை வேண்டாம். அது பரப்பை அப்படியே பின்தொடரும்.

நிக்கல்தட்டு

தடத்துக்குக் காரணம் 60 டிகிரி. பாலிகார்பனேட் ஒரு டிகிரிக்கு மில்லியனில் 67 பங்கு சுருங்கும், நிக்கல் 13 பங்கு. பிலிம் 145 டிகிரியில் இறுகுகிறது. அங்கிருந்து 60 வரை இறங்கினால் மையத்திலிருந்து 30 மி.மீ. தள்ளியுள்ள புள்ளி 0.14 மி.மீ. உள்ளே நகரப் பார்க்கும். ஷிம்மில் ஒட்டிக்கொண்டே நகர்வதால்தான் தடம் மையத்தை நோக்கி இருக்கிறது. 125 டிகிரியில் பிரித்தால் இதே நகர்வு 0.03 மி.மீ. மட்டும். அழுத்தத்தை 125 வரை விடாமல் வைத்திருங்கள். நேராகத் தூக்காமல் ஒரு ஓரத்திலிருந்து உரித்தெடுங்கள்.

155 டிகிரி, 1 நிமிடம் என்பதும் குறைவு. பிலிம் வடிவத்தை ஏற்றதுபோல் தெரியும், ஆனால் உள்ளே இழுவிசை மிச்சம் இருக்கும். ஹார்ட்கோட் வேகும்போது மேடு தானாகத் தாழும். பூச்சு போடாத துண்டை 130 டிகிரியில் 30 நிமிடம் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். அங்கேயே உயரம் குறைந்தால் அது உங்கள் எம்பாஸின் குறை. குறையாவிட்டால் முழுப் பழியும் பூச்சுக்கு. 168 டிகிரி, 3 நிமிடம் என்று வைத்துத் தொடங்குங்கள். 80 மி.மீ. வட்டத்துக்கு 3 மெகாபாஸ்கல் என்றால் சுமார் 15 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட ஒன்றரை டன். மூடுவதற்கு முன் வெற்றிடம் கட்டாயம்: ஷிம்மில் இருப்பவை மூடிய குழிகள், காற்று வெளியேற வழியில்லை. பிலிமை முன்கூட்டியே 110–120 டிகிரியில் உலர்த்துங்கள், இல்லாவிட்டால் இந்த வெப்பத்தில் நுண்குமிழி வரும்.

மீன்கண் குழி என்றால் எனக்கு முதல் சந்தேகம் சிலிக்கோன்தான். ஷிம்மில் சிலிக்கோன் ஸ்பிரே அடித்தால் அது பிலிமுக்கு மாறும், ஹார்ட்கோட் அங்கே ஒட்டாமல் விலகும். பின்பக்கம் சிலிக்கோன் ரப்பர் மெத்தை வைத்திருந்தாலும் இதே கதி. நடுவே 75 மைக்ரான் பாலிஇமைட் தாள் கொடுங்கள். ஷிம்முக்கு ஃப்ளோரின் வகை ஒற்றைமூலக்கூறு அடுக்கு போதும்.

பிலிம்ரோல்

சிலிக்கோன் ஸ்பிரே அடித்திருக்கிறோம், உண்மை. 130 டிகிரி சோதனையில் 0.77 என்பது 0.71 ஆனது. இரண்டும் சேர்ந்த கோளாறு போலத் தெரிகிறது. அடுத்த கட்டம்: இந்த பிலிமை 6 பேஸ் வளைவுக்கு (லென்ஸின் முன்பரப்பு வளைவு) சூடாக்கி வளைத்து, இன்ஜெக்ஷன் மோல்டில் வைத்துப் பின்னால் உருகிய பாலிகார்பனேட் செலுத்துவது. எம்பாஸ் முகம் எந்தப் பக்கம் இருக்கவேண்டும்?

வளைவு88

அந்த வரிசையில் செய்தால் இரண்டு பக்கமும் தவறாகும். எம்பாஸ் முகம் உருகியதை நோக்கி இருந்தால், பாலிகார்பனேட்டும் பாலிகார்பனேட்டும் ஒன்றாகி, எண் வித்தியாசம் இல்லாமல் நுண்லென்ஸ் மறைந்துவிடும். மழமழப்பான மோல்ட் சுவரை நோக்கி இருந்தால், நிரப்பும் அழுத்தம் 0.8 மைக்ரான் மேட்டை நசுக்கிவிடும். உருகியது 280–300 டிகிரி, 0.3 மி.மீ. பிலிமைக் கடந்து வெப்பம் மறுபக்கம் வர அரை நொடிதான். இதற்கு முன்பே வளைக்கும் கட்டம் கெடுத்திருக்கும்: 6 பேஸ் என்பது 88 மி.மீ. ஆரம், 70 மி.மீ. வட்டத்தில் பரப்பு 4 சதவீதம் நீளும், அதுவும் இறுகுநிலைக்கு மேல் சூடாக்கி.

முதலில் வெறும் பிலிமை வளையுங்கள், பிறகு எம்பாஸ் செய்யுங்கள். தட்டை நிக்கல் ஷிம்மைக் கோளமாக வளைக்க முடியாது, ஆகவே வைரமுனையால் கடைந்த வளைந்த மாஸ்டரின் (மூல அச்சின்) மேல் மின்முலாம் முறையில் நேரடியாக நிக்கல் வளர்க்கவேண்டும். அப்படி ஒன்று கையில் வந்துவிட்டால், அதையே மோல்டின் இன்சர்ட்டாக (உள்ளே பொருத்தும் அச்சாக) வைத்து பிலிமே இல்லாமல் வார்க்கலாம். பாலிகார்பனேட் லென்ஸ் மட்டும் போதும் என்றால் நான் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

பிலிம் வழி நியாயமாவது நுண்லென்ஸைப் புதைக்கும்போது. எம்பாஸ் முகத்தின்மேல் 15–20 மைக்ரான் யூவி அக்ரிலேட்டை (யூவி ஒளியில் இறுகும் பிசின், ஒளிவிலகல் எண் 1.50) ஊற்றி மட்டமாக்குங்கள், ஹார்ட்கோட் அதற்கு மேல். வித்தியாசம் 0.086 மட்டும் என்பதால் 3.5 டையாப்டருக்கு ஆரம் 24.6 மி.மீ., உயரம் 5.4 மைக்ரான். பிழைக்கு இடம் ஏழு மடங்கு: 0.1 டையாப்டருக்கு 0.15 மைக்ரான். டிப்டேங்க் சொன்ன சிதறல் இங்கே பாதிக்காது, ஏனென்றால் வெளிப்பரப்பு மட்டமாகத்தான் இருக்கவேண்டும்.

இதற்கும் விலை உண்டு. அக்ரிலேட்டின் எண் 0.005 மாறினால் பவர் 0.2 டையாப்டர் மாறும். ஒவ்வொரு தொகுதியையும், திரவமாக அல்ல, யூவியில் இறுகிய நிலையில் ஒளிவிலகல்மானியில் அளந்த பிறகே ஊற்றுங்கள்.