பக்கத்து இருக்கைப் பேச்சு

விசிலடிப்பவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். சிங்கப்பூர் மெக்கன்சி ரோடு ரெக்ஸ் திரையரங்கில் தீபாவளிப் படம் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தத்தின் சுகம் தெரியும். ஹீரோ வரும்போது அரங்கமே கத்தும், நானும் கத்துவேன். எனக்குப் பொறுக்காதது, இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வதைச் சுற்றியிருக்கிற எல்லாரும் கேட்டே ஆகவேண்டும் என்பதுதான்.

ஒருமுறை பின்வரிசையில் இரண்டு அக்காமார். ஒருவர் படத்தை ஏற்கெனவே பார்த்தவர். "இப்பப் பாரேன், இந்தத் தம்பிதான் காட்டிக்கொடுக்கப் போறான்" என்றார். திரும்பி, "அக்கா, நான் இன்னும் பார்க்கலை" என்று மெதுவாகச் சொன்னேன். "ஐயோ, சாரிம்மா" என்றவர் கடைசிவரை வாயே திறக்கவில்லை. ஆனால் போனது போனதுதான். இயக்குநர் இரண்டு மணி நேரம் ஒளித்து வைத்த முடிச்சு எனக்கு அவிழ்ந்தே வந்தது. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

"உஷ்" என்று சீறுவதால் பயனில்லை என்பது என் எண்ணம். யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியாது, கேட்பவருக்குக் கோபம்தான் வரும். ஊழியரைத் தேடிப் போனால் நமக்குத்தான் காட்சி போகும். அவர் டார்ச்சோடு உள்ளே வரும்போது எல்லாரும் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பார்கள். அக்கா, அண்ணே என்று கூப்பிட்டு, ஆரம்பத்திலேயே ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைகள் பேசினால் மட்டும் எனக்கு மனம் இளகிவிடும். இங்கே ஆங்கில வசன வரிகள் ஓடுவதால், நடிகர் வாயைத் திறப்பதற்கு முன்பே பிள்ளைகள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். அப்புறம், "அப்பா, அவர் தமிழில் என்ன சொன்னார்?" என்று கேட்பார்கள். அப்பா காதோரம் விளக்குவார். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடுதான். அந்தக் கேள்வியை நான் எப்படித் தடுப்பேன்?

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவுக் காட்சியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன். ஒன்பதரை மணிக் காட்சி. இங்கே ஒன்பதரை என்றால் இந்தியாவில், ஊரில் ஏழு மணி, வீட்டிலிருந்து போன் வருகிற நேரம். இவரும் எடுத்து, சாப்பாடு, பள்ளிக்கூடம், பணம் அனுப்பியது என்று பேசிக்கொண்டே போனார். "அண்ணே, கொஞ்சம் வெளியே போய்ப் பேசுறீங்களா?" என்றேன். கோபப்படாமல் எழுந்து போனார். திரும்பி வந்ததும் கதையில் என்ன ஆனது என்று என்னிடமே கேட்டார். சொன்னேன். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ஒரு நாள் விடுப்பில் காசு கொடுத்து வந்தவர், பாதிப் படத்தை வாசலில் நின்று தொலைத்தது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஊரில் இடைவேளை உண்டு. போன் பேசலாம், கதையை அலசலாம், பிள்ளையைக் கழிவறைக்குக் கூட்டிப் போகலாம். நான் போகும் அரங்குகளில் திரையில் "இடைவேளை" என்று எழுத்து வரும், அடுத்த நொடியே படம் தொடர்ந்து ஓடும். மூன்று மணி நேரம் அடக்கி வைத்த பேச்சு எங்கேயாவது வெளியே வரத்தானே செய்யும்? நீளமான படங்களுக்காவது பத்து நிமிடம் விளக்கைப் போடுங்கள். டிக்கெட்டுக்கு ஒரு வெள்ளி (டாலர்) கூடக் கேட்டாலும் சரி, நான் தருகிறேன்.