கருமணலுக்குள் தெரியும் நுண்தங்கம் பிரிய மறுக்கிறது: உதவி தேவை

கரையோரன்:
அனைவருக்கும் வணக்கம். ஆற்றங்கரையிலிருந்து எடுத்துவந்த மணலை அரிதட்டில் நீரோடு அரித்து, கனமான கருமணல் மட்டும் மிஞ்சும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். வெயிலில் தட்டைச் சாய்த்தால் உள்ளே மஞ்சள் துகள்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் மேற்கொண்டு அரித்தால் அவையும் கருமணலோடு ஓடிவிடுகின்றன. மெதுவாக அரித்தால் எதுவுமே நகர்வதில்லை. சில துகள்கள் நீரின் மேல் மிதந்தே போய்விடுகின்றன. காந்தம் வைத்துப் பார்த்தும் பாதி மணல் அப்படியே கிடக்கிறது. இதைப் பிரிக்க ஒரு வழி சொல்லுங்கள். இந்த வார இறுதிக்குள் முடித்துவிட விரும்புகிறேன்.

தட்டும் சல்லடையும்:
வணக்கம். எந்த ஆறு, எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை. மணலைச் சல்லடையில் சலித்தீர்களா, சலித்திருந்தால் எந்த எண் கொண்ட சல்லடை, தட்டு புதியதா, நெகிழியா இரும்பா, கருமணல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்ற விவரங்கள் இல்லாமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகமாகத்தான் இருக்கும்.

பல்லாரட் வாசி:
நான் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இருக்கிறேன். இங்கே உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு உலோகம் காட்டும் கருவியோடு காட்டுக்குள் நடப்பதுதான் வழக்கம். மணலோடு போராடுவதை விட்டுவிட்டு நல்ல கருவி ஒன்றை வாங்குங்கள் என்பதே என் ஆலோசனை.

கனிமக்கண்:
பல்லாரட் நண்பரே, உங்கள் நாட்டுத் தங்கம் கட்டியாகக் கிடைப்பது. இவர் கேட்பது மாவு போன்ற தங்கம். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த துகளை எந்தக் கைக்கருவியும் ஒலித்துக் காட்டாது. இழையைத் தொடங்கியவருக்கும் ஒன்று சொல்லவேண்டும். இங்கே பல ஆண்டுகளாக இதே கேள்விக்கு நான் விடை எழுதிவருகிறேன். பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்பது முறை. மேலும், நீங்கள் பார்ப்பது தங்கம்தானா என்பதே இன்னும் உறுதியாகவில்லை. தட்டின் மேல் உங்கள் கையை நீட்டி நிழல் விழச் செய்யுங்கள். தங்கம்போல் மின்னும் அபிரகம் (மைக்கா) நிழலில் மின்னலை இழந்துவிடும். தங்கம் வெயிலிலும் நிழலிலும் ஒரே மஞ்சளாக நிற்கும். ஊசி முனையால் அழுத்தினால் தங்கம் வளையும், இரும்புக் கந்தகக்கல் நொறுங்கும். முதலில் இதைச் செய்துவிட்டு வாருங்கள்.

கரையோரன்:
மன்னிக்கவும், விவரங்கள் இதோ. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, ஃபிரேசர் ஆறு, ஹோப் நகருக்கும் யேல் ஊருக்கும் இடைப்பட்ட கரை. தட்டு பச்சை நிற நெகிழித் தட்டு, புதியது. சமையலறை வடிகட்டியால் கூழாங்கற்களை மட்டும் எடுத்தேன். வேறு சல்லடை பயன்படுத்தவில்லை. கருமணல் ஒரு சிறிய வாளியில் பாதி இருக்கிறது. காந்தம் நன்றாகப் பிடிக்கவேண்டும் என்று கொஞ்சத்தை வீட்டு அடுப்பில் இரும்புச் சட்டியில் வறுத்து உலர்த்தினேன். நிழல் சோதனை, ஊசிச் சோதனை இரண்டும் செய்தேன், தங்கம்தான்.

தட்டும் சல்லடையும்:
ஃபிரேசர் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிடைப்பது மேலிருந்து நெடுந்தொலைவு உருண்டு, தேய்ந்து, தட்டையாகிப்போன தங்கம். 1858 இல் யேலுக்குச் சற்றுக் கீழே ஹில்ஸ் பார் என்ற மணல்திட்டில் தங்கம் தேடிக் கூடியவர்களும் இதே துன்பத்தைத்தான் பட்டார்கள்.

உங்கள் முதல் குறை சல்லடை இல்லாததுதான். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லா வழிகளும் இதன் மேல்தான் நிற்கின்றன. தங்கத்தின் அடர்த்தி நீரைப்போல் 19.3 மடங்கு, வெள்ளை மணலான குவார்ட்சுக்கு 2.65, கருமணலில் பெரும்பகுதியான மேக்னடைட் என்ற இரும்புக் கனிமத்துக்கு ஏறத்தாழ 5.2. நீருக்குள் ஒவ்வொன்றும் தன் எடையில் நீரின் அளவை இழந்துவிடுவதால், உண்மையில் மோதிக்கொள்ளும் எண்கள் 18.3, 1.65, 4.2 என்பவை. தங்கத்துக்கும் வெள்ளை மணலுக்கும் இடையே பதினொரு மடங்கு வேறுபாடு இருப்பதால் அது எளிதாக ஓடிவிடுகிறது. கருமணலோடு வேறுபாடு நாலரை மடங்குக்கும் குறைவு. மிக நுண்ணிய துகள் நீரில் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், தங்கத் துகளைவிட இரண்டு மடங்குக்குச் சற்றே கூடுதலான விட்டமுள்ள மேக்னடைட் துகள் தங்கத்தோடு ஒரே வேகத்தில் இறங்கும். அதைவிடப் பெரிய கருந்துகள் தங்கத்துக்கு முன்பாகவே அடியில் போய் உட்காரும். உங்கள் தங்கமோ தட்டையானது என்பதால் இன்னும் மெதுவாக இறங்கும். ஆகவே எல்லா அளவும் கலந்த மணலில் எவ்வளவு பொறுமையாக அரித்தாலும் பயனில்லை.

30, 50, 100 ஆகிய எண் சல்லடைகளை வாங்குங்கள். அவற்றின் கண்கள் முறையே சுமார் 0.6, 0.3, 0.15 மில்லிமீட்டர், ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி. நீரில் வைத்தே சலித்து, கிடைக்கும் நான்கு பங்கையும் தனித்தனியாக அரியுங்கள். ஒரே அளவுள்ள துகள்களுக்குள் தங்கம் எப்போதும் முதலில் இறங்கும்.

மணவாளக்குறிச்சிக்காரன்:
எங்கள் ஊர்க் கடற்கரையின் கருமணலைப் பிரிக்கும் வேலையில் பல காலம் இருந்தவன் என்ற முறையில் காந்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் மணலில் தங்கம் இல்லை. இல்மனைட், கார்னட், சிர்கான், மோனசைட் ஆகிய கனிமங்கள் உண்டு. கருமணல் என்றாலே காந்தத்தில் ஒட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். சாதாரணக் காந்தம் இழுப்பது மேக்னடைட்டை மட்டுமே. இல்மனைட்டும் கார்னட்டும் மிக வலிமையான காந்தத்துக்கே அசையும், சிர்கான் எதற்கும் அசையாது. ஆகவே உங்கள் மணலில் பாதி அப்படியே கிடப்பதில் வியப்பில்லை.

காந்தத்தை மணலுக்குள் விட்டுக் கிளறாதீர்கள். ஈரமான மணலில் மேக்னடைட் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக் கொத்தாக எழும்போது நடுவில் சிக்கிய தங்கத்தையும் தூக்கிக்கொண்டு போய்விடும். உலர்ந்த மணலைத் தாளின் மேல் மெல்லிய படலமாகப் பரப்பி, காந்தத்தை ஒரு நெகிழிக் குவளைக்குள் வைத்து, ஒரு விரல் உயரத்தில் நகர்த்துங்கள். எழுந்து ஒட்டியதை வேறொரு தாளின் மேல் விட்டுவிட்டு, அதன் மேல் மறுபடியும் காந்தத்தை நகர்த்துங்கள். முதலில் வலிமை குறைந்த காந்தம், பிறகு வலிமையானது என்ற வரிசையை மாற்றவேண்டாம்.

வேதியியல் ஆசிரியை:
மிதந்துபோகும் துகள்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தங்கத்தின் மேற்பரப்பில் சிறிதளவு எண்ணெய்ப்பசை இருந்தாலும் நீர் அதை நனைக்காது. தட்டையான, மிக மெல்லிய துகளை நீரின் மேற்பரப்பு இழுவிசை தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. புதிய நெகிழித் தட்டில் வார்ப்பின்போது பூசிய பசை இருக்கும், உங்கள் விரல்களிலும் இருக்கும். தட்டைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு வாளி நீரில் அதே திரவத்தை ஓரிரு துளிகள் விட்டால் மிதப்பது பெரும்பாலும் நின்றுவிடும்.

இப்போது இதைவிட முக்கியமான ஒன்று. சமையலறை அடுப்பில் மணலை வறுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை உடனே நிறுத்துங்கள். ஃபிரேசர் கரையில் நுண்தங்கத்தைப் பிடிப்பதற்கு அந்தக் காலத்துச் சுரங்கத்தார் ஏராளமாகப் பாதரசம் பயன்படுத்தினார்கள். தவறி ஆற்றில் போனது இன்றும் அங்கேயே இருக்கிறது. உங்கள் மணலில் வெள்ளி நிறத் துகள்கள் உண்டா?

பத்தர் வீட்டுப் பிள்ளை:
ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். பாதரசம் என்றவுடன் எல்லோரும் அஞ்சுகிறார்கள். எங்கள் வீட்டார் நகைப் பட்டறைக் குப்பையைக் கழுவி, ரசம் விட்டுத் தேய்த்து, துணியில் பிழிந்து, மிஞ்சிய உருண்டையைச் சூடாக்கித்தான் பொடித் தங்கத்தை மீட்டார்கள். நுண்தங்கத்தை இவ்வளவு முழுமையாகப் பிடிப்பது வேறொன்றில்லை. வாலை (ஆவியைக் குளிரவைத்துச் சேர்க்கும் கலம்) வைத்து, திறந்த வெளியில் செய்தால் ரசமும் திரும்பக் கிடைக்கும். சல்லடையிலும் தட்டிலும் நேரத்தைக் கழிப்பதைவிட இது ஒரே நாளில் முடியும்.

வேதியியல் ஆசிரியை:
தம்பி, பிடிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். பாதரசம் கொதிப்பது 357 பாகை செல்சியசில் என்றாலும், அறை வெப்பத்திலேயே அது ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சின் வழியே உள்ளே போனால் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். வாலையில் திரும்பக் கிடைப்பது உருண்டைக்குள் இருந்த ரசம் மட்டுமே. தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் சிதறி, கழுவும் நீரோடு போகும் ரசத்தை எந்த வாலையும் மீட்பதில்லை. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2017 இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா என்னும் பன்னாட்டு உடன்படிக்கை, குடியிருப்புப் பகுதியில் தங்கம் சேர்ந்த ரசக்கலவையைச் சூடாக்குவதை ஒழிக்கவேண்டிய பழக்கங்களுள் ஒன்றாகவே பட்டியலிடுகிறது. பட்டறைகளில் அந்த வேலையைச் செய்தவர்களின் கைநடுக்கத்துக்கும் பல் ஈறுக் கோளாறுக்கும் காரணம் என்ன என்று அக்காலத்தில் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பத்தர் வீட்டுப் பிள்ளை:
எங்கள் தாத்தா நெடுங்காலம் நலமாகவே வாழ்ந்தார். முறையாகச் செய்தால் தீங்கில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கனிமக்கண்:
இருவரும் அடிப்படையைத் தவறவிடுகிறீர்கள். இரும்புத் துரு படிந்த ஆற்றுத் தங்கத்தைப் பாதரசம் ஒழுங்காகப் பற்றாது. பட்டறைத் தங்கம் அப்படியல்ல, அது தூய மேற்பரப்பு கொண்டது. இரண்டையும் ஒப்பிடுவதே பொருந்தாது. பிலிப்பீன்சின் பெங்கெட் மாகாணத்தில் சிறு சுரங்கத்தார் பாதரசம் இல்லாமல், கனமான பகுதியை நன்றாகச் செறிவாக்கி, வெண்காரம் (போராக்ஸ்) சேர்த்து நேராக உருக்குகிறார்கள். வெண்காரம் மற்றக் கனிமங்களின் உருகுநிலையைத் தாழ்த்தி அவற்றைக் கசடாக்கிவிடுவதால் தங்கம் அடியில் திரளும்.

பத்தர் வீட்டுப் பிள்ளை:
வெண்காரம் இல்லாமல் உருக்கும் கிண்ணமான மூசை எதுவும் அடுப்பேறியதில்லை, அது எனக்குத் தெரியும் ஐயா. ஆனால் அரை வாளி கருமணலை மூசையில் கொட்டினால் கண்ணாடிபோல் கசடுதான் மிஞ்சும். அதற்கு முன் பிரித்தாகவேண்டும் அல்லவா? கேள்வியே அதுதான்.

தட்டும் சல்லடையும்:
இதில் பத்தர் வீட்டுத் தம்பி சொல்வது சரி. எனவே பிரிப்பதற்குத் திரும்புவோம். 100 எண் சல்லடையைத் தாண்டி விழும் பங்குதான் தட்டில் அடங்காதது. அதற்கு மில்லர் மேசை என்னும் சாய்பலகை போதும், அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வழவழப்பான ஸ்லேட் கல் அல்லது கரும்பலகை வண்ணம் பூசிய பலகை, மிகச் சிறிய சாய்வு, மேலிருந்து ஒரே சீராக வழியும் மெல்லிய நீர்ப்படலம். சோப்புத் துளி விட்ட நீரில் ஊறிய மணலைக் கரண்டிக் கணக்கில் மேல்முனையில் வையுங்கள். உருண்ட கருந்துகள்கள் நீர்ப்படலத்துக்கு மேல் தலை நீட்டுவதால் நீர் அவற்றைத் தள்ளிக்கொண்டு போகும். தட்டையான தங்கம் பலகையோடு படிந்து நின்றுவிடும். தட்டில் உங்களுக்கு எதிராக வேலை செய்த அதே தட்டை வடிவம் இங்கே உங்கள் பக்கம் வந்துவிடுகிறது. முறத்தில் புடைப்பதுபோல் இதற்கும் கை பழகவேண்டும். சாய்வையும் நீரையும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

கனிமக்கண்:
எதிர்பார்ப்பையும் சீர்செய்துகொள்ளட்டும். ஒரு பக்கம் 0.1 மில்லிமீட்டரும் 0.02 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள துகள் ஒன்றின் எடை, தூய தங்கமாகவே இருந்தாலும், ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் நான்கு பங்கு. ஒரு கிராம் சேர இப்படி ஏறத்தாழ 2,60,000 துகள்கள் வேண்டும். வெயிலில் தட்டு நிறைய மின்னினாலும் தராசில் முள் அசையாது.

ஹோப் பக்கத்து ஊரான்:
ஒன்றைக் கேட்கவேண்டும்: கரையோரன், அந்த இடம் யாருடைய உரிமையில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? பொழுதுபோக்குக்காக ஒதுக்கிய பகுதிகளில் அரிதட்டும் கைமண்வெட்டியும் மட்டுமே அனுமதி. மற்ற இடங்களில் கரை யாராவது பதிவுசெய்த உரிமமாக இருக்கலாம்; மாகாண அரசின் மினரல் டைட்டில்ஸ் ஆன்லைன் வரைபடத்தில் அதைப் பார்த்துக்கொள்ளலாம். பனி உருகி வெள்ளம் வரும் முன், நீர் தாழ்ந்திருக்கும்போது போங்கள். மணல்திட்டின் மேல்முனையிலும் பெரிய கற்களின் பின்னாலும்தான் புது வெள்ளம் நுண்தங்கத்தை விட்டுச்செல்கிறது.

கரையோரன்:
அனைவருக்கும் நன்றி. இடம் ஒதுக்கப்பட்ட பகுதிதான். தட்டைக் கழுவி, சோப்புத் துளி விட்டதும் மிதப்பது நின்றது. 30க்கும் 50க்கும் இடைப்பட்ட பங்கிலும், 50க்கும் 100க்கும் இடைப்பட்ட பங்கிலும் தங்கம் தனியாகப் பிரிந்துவிட்டது. மிக நுண்ணிய பங்கு இன்னும் பிரியவில்லை. வெள்ளி நிறத் துகள்கள் சில இருக்கின்றன. மஞ்சள் துகள்கள் சிலவற்றின் ஒரு பக்கமும் வெளுத்திருக்கிறது. அடுப்பில் வைப்பதை நிறுத்திவிட்டேன்.

வேதியியல் ஆசிரியை:
ஒரு பக்கம் வெளுத்த மஞ்சள் துகள் என்றால் பாதரசம் என்றே கொள்ளுங்கள். தனியாக வெள்ளையாக இருப்பவற்றுள் சில பிளாட்டினமாகவும் இருக்கலாம். ஆனால் கண்ணால் பார்த்து முடிவுசெய்யவேண்டாம். அவற்றை இறுக மூடிய கண்ணாடிக் குப்பியில் நீருக்கடியில் வையுங்கள். மீதி மணலை வீட்டுக்குள் உலர்த்தாதீர்கள், வாயால் ஊதிப் பிரிக்காதீர்கள், வறுத்த சட்டியை மறுபடியும் சமையலுக்கு எடுக்காதீர்கள். சமையலறையின் சன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்பைச் சுற்றி ஈரத்துணியால் துடையுங்கள். வீட்டில் சிறு குழந்தைகளோ கருவுற்றவர்களோ இருந்தால், வறுத்ததைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தட்டும் சல்லடையும்:
நுண்ணிய பங்கைக் கொட்டிவிடாமல் மூடியுள்ள வாளியில், நீர் மூடிய நிலையிலேயே வைத்திருங்கள். மில்லர் மேசையை வெளியில், கையுறையோடு, நீர் ஒரு தொட்டியிலேயே சுற்றி வரும்படி அமையுங்கள். அந்த நீரையும் மிஞ்சும் மணலையும் தோட்டத்திலோ வடிகாலிலோ விடாமல், உங்கள் ஊராட்சியில் தீங்கான கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள். பலகையின் சாய்வை எவ்வளவு வைத்தீர்கள் என்று எழுதினால் அடுத்ததைச் சொல்கிறேன்.