டவ்டெயில் ஜிக்கை பெஞ்சில் எப்படிப் பொருத்துவது? வலது பக்கம் மட்டும் தோள் பிளக்குது

தண்டையார்பேட்டை_டிராயர்:

டிராயர் மூலைக்கு டவ்டெயில் ஜாயிண்ட் வெட்டறேன், புறா வால் மாதிரி விரிஞ்ச பல் குழியில் கோக்கிற வகை; ஹாஃப் பிளைண்ட், அதாவது முன்னாலிருந்து பார்த்தா பல் தெரியாது. 12 இஞ்ச் ஜிக் (பலகையைப் பிடிச்சு ரவுட்டர்ங்கிற குடையும் மிஷினுக்கு வழிகாட்டும் சட்டம்), சீப்பு மாதிரி டெம்ப்ளேட் உள்ள வகை. பெஞ்ச் இரும்பு ஆங்கிள் சட்டம், மேலே ஒரே ஒரு 18 மில்லி பிளைவுட், உயரம் 30 இஞ்ச். ஜிக்கை நாலு மர ஸ்க்ரூ போட்டு நேரா பிளைவுட்டில் முடுக்கியிருக்கேன். முன்பலகை 18 மில்லி தேக்கு, பக்கப்பலகை 12 மில்லி ரப்பர் வுட், 16 இஞ்ச் நீளம். பிட் அரை இஞ்ச் 14 டிகிரி, கைடு புஷ் (பிட்டைச் சுத்தி டெம்ப்ளேட்டை ஒட்டி ஓடும் வளையம்) 7/16 இஞ்ச்.

ரவுட்டர் ஓடும்போது ஜிக் ஆடுது. செங்குத்தா நிக்கிற பக்கப்பலகை பெஞ்ச் விளிம்பில் இடிக்குது. சேர்த்துப் பார்த்தா இடது பக்கம் கச்சிதம், வலது கடைசிப் பல்லுகிட்ட தோள் (பல்லோட அடியில் முன்பலகையில் முட்டுற விளிம்பு) முக்கால் மில்லி வாய் பிளக்குது. பிட் ஆழத்தை மாத்தினா மொத்த ஜாயிண்ட்டும் இறுகுதே தவிர அந்த இடைவெளி போகலை. அறை 8க்கு 10 அடிதான். நிரந்தரமா போல்ட் அடிக்கலாமா, தனி அடிப்பலகை நல்லதா?

வியாசர்பாடி_மூலைமட்டம்:

பக்கப்பலகையோட முனையை முதல்ல மூலைமட்டம் வெச்சுப் பாருங்க. முனை கோணலா அறுபட்டிருந்தா ஒரு பக்கம் மட்டும் சரியா உட்காராது.

ராயபுரம்_உளி:

முனையைப் பார்க்கச் சொன்னது சரி. ஆனா அது வேற நோய். பலகை பக்கவாட்டு ஸ்டாப்பில் ஒட்டி நின்னா, கோணல் முனை ஒரு ஓரத்தில் டெம்ப்ளேட்டைத் தொடாது. அங்கே பல் குட்டையாகும், தோள் பிளக்காது. தோள் பிளக்குதுன்னா குழியோட ஆழத்தை விட பல் நீளம்னு அர்த்தம். அதாவது வலது பக்கம் டெம்ப்ளேட் முன்பலகை மேல படியாம முக்கால் மில்லி தூக்கி நிக்குது. ரவுட்டர் டெம்ப்ளேட் மேலதானே ஓடுது, அதனால அங்கே குழி அவ்வளவு மேலோட்டமா விழும். பக்கப்பலகையை நீங்க டெம்ப்ளேட் வரைக்கும் ஏத்தி முட்டியிருப்பீங்க, அதில் பல் முழு நீளம் வரும். ரெண்டும் சேரும்போது மிச்சம் இடைவெளியா தெரியும். இதை பிட் ஆழத்தால சரி பண்ணவே முடியாது, அதை விட்டுடுங்க.

தூக்குறதுக்குக் காரணம் பெரும்பாலும் ஜிக் உடம்பு முறுக்கியிருக்கிறது. ஆங்கிள் சட்டத்தில் 18 மில்லி பிளைவுட் நடுவில் தொய்யும்; நாலு ஸ்க்ரூவையும் இறுக்க இறுக்க ஜிக் அந்தத் தொய்வுக்கு வளைஞ்சு கொடுக்கும். நாலையும் ஒரு சுத்து தளர்த்திட்டு ஒவ்வொரு மூலையிலும் ஜிக்குக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் விசிட்டிங் கார்டு நுழைச்சுப் பாருங்க. எந்த மூலையில் நுழையுதோ அங்கேதான் ஸ்க்ரூ ஜிக்கை வளைச்சு இழுக்குது.

தனி அடிப்பலகைதான் என் ஓட்டு. 18 மில்லி பி.டபிள்யூ.பி. (கொதிநீர் தாங்கும்) பிளைவுட் ரெண்டை ஒட்டி 36 மில்லி ஆக்குங்க, 20க்கு 12 இஞ்ச். ஒட்டும்போது கிரானைட் மேடை மேல வெச்சு பாரம் ஏத்துங்க. வளைஞ்ச தரையில் ஒட்டினா வளைஞ்ச பலகைதான் கிடைக்கும். ஜிக் முன்முகத்துக்கு 2 மில்லி பின்னாடி அடிப்பலகை விளிம்பு நிக்கணும். முன்னாடி நீட்டிக்கிட்டு இருந்தா பக்கப்பலகையோட அடியை அது வெளியே தள்ளும், பலகை சாயும், டிராயர் மூலை 90 வராது. உங்க பெஞ்ச் விளிம்பு இப்போ செய்யறது அதைத்தான். அதனால அடிப்பலகையே பெஞ்ச் விளிம்பைத் தாண்டி ஒரு இஞ்ச் வெளியே நிக்கட்டும்.

மர ஸ்க்ரூ வேண்டாம், அதிர்வில் ஓட்டை பெரிசாகும். எம் 6 போல்ட், ஓட்டை 7 மில்லி. அடியில் போல்ட் தலை பதிய 20 மில்லி அகலம், 10 மில்லி ஆழத்துக்குக் குழி. 40 மில்லி நீள போல்ட், வாஷர், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, அதிர்வில் தளராத நட்) போதும். எதிரெதிர் மூலையா விரலால இறுக்கி, மறுபடி கார்டு சோதனை. இடைவெளி உள்ள மூலையில் குளிர்பான கேன் தகட்டை வெட்டி ஒவ்வொண்ணா சொருகுங்க, ஒரு தகடு சுமார் 0.1 மில்லி. அப்புறம்தான் ஸ்பேனர், கால் சுத்துக்கு மேல வேண்டாம்.

மாதவரம்_கொட்டாப்புளி:

உளி அண்ணன் சொன்னதோட, உயரம். 30 இஞ்ச் பெஞ்சில் ஜிக் வெச்சா குனிஞ்சுதான் ஓட்டணும், சீப்பு கண்ணில் படாது. ஜிக்கின் மேல்பரப்பு முழங்கைக்குக் கொஞ்சம் மேல வரணும், ஏறக்குறைய 42 இஞ்ச். அடிப்பலகைக்குக் கீழே 6 இஞ்ச் உயரப் பெட்டி ஒண்ணு, பின்பக்கம் திறந்தபடி. பெட்டியோட முன்முகமும் ஜிக் முகத்துக்குப் பின்னாடிதான் நிக்கணும். பெட்டி அடித்தட்டை ரெண்டு ஜி கிளாம்ப் போட்டுப் பிடிங்க. பெஞ்சே ஆடுச்சுன்னா கீழ்ச்சட்டத்தில் 20 கிலோ மணல் மூட்டை ரெண்டு.

கழட்டி வைக்கிற மாதிரி இருக்கிறது இடத்துக்காக மட்டும் இல்லை. நம்ம பக்கம் கடல் காத்துக்கு துத்தநாகம் பூசின ஸ்க்ரூகூட ஒரு மழைக்காலத்தில் வெள்ளை பூத்துடும். வேலை முடிஞ்சதும் மிஷின் ஆயில் துணியால துடைச்சு மூடி வைங்க. கிளாம்ப் திருகுக்குத்தான் இது முக்கியம், டெம்ப்ளேட்டில் எண்ணெய் பட்டா மரத்தில் கறை. அங்கே மெழுகு தேயுங்க.

இன்னொரு விஷயம், அகலம் குறைஞ்ச பலகையை இடது ஓரத்தில் மட்டும் வெச்சு இறுக்கினா கிளாம்ப் பட்டை சாயும். டெம்ப்ளேட் தூக்கறதுக்கு இதுவும் காரணமாகலாம். வலது ஓரத்தில் அதே கனத்தில் ஒரு துண்டு வைங்க. டெம்ப்ளேட்டுக்கு அடியில் மரத்தூள் சிக்கியிருக்கான்னு ஒவ்வொரு தடவையும் ஊதிப் பாருங்க.

தண்டையார்பேட்டை_டிராயர்:

கார்டு வலது பின்மூலையில் தாராளமா நுழையுது. அடிப்பலகை செஞ்சுடறேன். டிராயர் உயரம் 4 இஞ்ச்னு வெச்சிருக்கேன், மேல் ஓரத்தில் அரைப்பல் முழுசா வரலை. அதுவும் பொருத்துறதில் வர்ற தப்பா? தேக்கில் ஒரே ஓட்டில் முழு ஆழம் போகலாமா?

ராயபுரம்_உளி:

அது தப்பு இல்லை, கணக்கு. உங்க வகை ஜிக்கில் பல்லுக்குப் பல் 7 நூல் (ஒரு நூல்னா இஞ்சில் எட்டில் ஒண்ணு). உயரம் 7 நூலின் மடங்கா இருந்தாதான் ரெண்டு ஓரமும் ஒரே மாதிரி வரும்: மூணரை இஞ்ச், இல்லேன்னா நாலே இஞ்ச் 3 நூல். ரெண்டு பலகைக்கும் நடுவில் தள்ளல் அதில் பாதி, மூணரை நூல். ஸ்டாப்பை இரண்டு பக்கமும் அதே அளவில் வைங்க. டிராயரோட இடது முன்மூலையும் வலது பின்மூலையும் ஜிக்கின் ஒரு பக்கம், மத்த ரெண்டும் மறுபக்கம் வெட்டுங்க.

டவ்டெயில் பிட்டை ஆழம் பிரிச்சு ஓட்ட முடியாது, ஒரே ஆழம்தான். தேக்கு கனமா தெரிஞ்சா இன்னொரு ரவுட்டரில் அதே அளவு புஷ்ஷோட 6 மில்லி நேர் பிட் போட்டு ஒரு மில்லி குறைச்சு முதல்ல குடைஞ்சுடுங்க. கால் இஞ்ச் ஷேங்குக்கு (பிட்டோட தண்டு) பாரம் குறையும். கால் இஞ்ச்னா 6.35, அதை 6 மில்லி காலெட்டில் (தண்டைப் பிடிக்கிற வாய்) திணிக்கவே கூடாது. அரை இஞ்ச் தலை புஷ்ஷுக்குள்ள நுழையாது, அதனால பிட்டை மேலே இழுக்கவோ, சுத்தும்போது ரவுட்டரைத் தூக்கவோ கூடாது. புஷ்ஷும் டெம்ப்ளேட்டும் போயிடும். உங்க பக்கம் இழுத்து வெளியே கொண்டுவந்து, நின்ன பிறகுதான் தூக்கணும். பக்கப்பலகை முகத்தில் முதல்ல வலதிலிருந்து இடதா லேசா ஒரு கீறல், அப்புறம் இடதிலிருந்து வலதா ஒவ்வொரு சந்தா போங்க, நார் கிழியாது.

மாதவரம்_கொட்டாப்புளி:

ஆழம் 9.5 மில்லியில் ஆரம்பிச்சு கழிவுத் துண்டில் பாருங்க. தளர்வா இருந்தா ஆழத்தைக் கூட்டுங்க, இறுக்கமா இருந்தா குறைங்க. 14 டிகிரியில் ஆழம் 0.2 கூட்டினா பொருத்தம் 0.1 இறுகும், அதனால துளித்துளியா. பக்கப்பலகை முன்பலகை முனையை விட வெளியே நின்னா டெம்ப்ளேட்டைப் பின்னாடி தள்ளுங்க, உள்ளே போனா உங்க பக்கம் இழுங்க. ஆனா இது எல்லாமே கார்டு நாலு மூலையிலும் நுழையாத பிறகுதான்.