ஆவணப்படத்தில் வசைச்சொல்லை மறைக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் தெருவொன்றில் எரிவாயுக் கசிவைச் சோதித்துக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்களின் தலைக்குமேல் விமான இரைச்சல் கேட்க, ஒளிப்பதிவாளர் கேமராவை மேலே திருப்புகிறார், விமானம் கோபுரத்தில் மோதுகிறது, அருகில் நின்றவர் வாயிலிருந்து ஒரு வசைச்சொல் தெறிக்கிறது. 2006இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான சி.பி.எஸ். இந்தக் காட்சி இடம்பெற்ற ஆவணப்படத்தை மறுஒளிபரப்பு செய்தபோது, வசைச்சொல்லுக்கான அபராதத்துக்கு அஞ்சிச் சில நிலையங்கள் ஒளிபரப்பு நேரத்தைத் தள்ளிவைத்தன. அச்சொல்லை அழித்தால் அந்தக் கணத்தின் உண்மையும் போய்விடாதா?

பதில் 1: அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவில் இரவு 10 முதல் காலை 6 மணி வரைதான் இத்தகைய சொற்களை ஒளிபரப்ப விலக்கு உண்டு. அவ்வாண்டுதான் உச்ச அபராதம் 32,500 டாலரிலிருந்து 3,25,000 டாலராக உயர்ந்தது. சிறு நிலையங்கள் எப்படித் தாங்கும்?

பதில் 2: என்னை உறுத்துவது அளவுகோலின் கோணல்தான். போர்த் திரைப்படமொன்றின் வசைகளை 2005இல் ஏற்றுக்கொண்ட எஃப்.சி.சி. (அமெரிக்க ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம்), ப்ளூஸ் இசைக்கலைஞர்கள் தம் வாழ்வைத் தம் மொழியிலேயே பேசிய ஆவணப்படத்துக்காகக் கலிஃபோர்னியாவின் கல்லூரி நிலையமொன்றுக்கு 2006இல் 15,000 டாலர் அபராதம் விதிக்க முன்மொழிந்தது. நடிகர் பேசினால் பொறுக்கலாம், உண்மையான மனிதர் பேசினால் பொறுக்கக் கூடாதா?

பதில் 3: பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தைக் காப்பது நியாயமே. ஆனாலும், 2007இல் ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸின் இரண்டாம் உலகப்போர்த் தொடரைத் திருத்தியும் திருத்தாமலும் இரு வடிவங்களில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். வழங்கியதைப் போல, முழு வடிவம் எங்காவது ஒளிபரப்பாக வேண்டும் என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.