பெரிய வீட்டுக் குழு: தம்பிக்கு இழுப்பு

வியாழன், காலை 6:12

கவிதா: நேத்து ராத்திரி தம்பிக்கு ஆஸ்துமா இழுப்பு. எமர்ஜென்சி போயிட்டு இப்பதான் வந்தோம். மூணு தடவை நெபுலைசர் வச்சாங்க. தூங்குறான். யாரும் கால் பண்ணாதீங்க ப்ளீஸ்

தேக்கா அத்தை: ஐயோ முருகா

தேக்கா அத்தை: அப்ப ஞாயித்துக்கிழமை பாப்பா காதுகுத்து? சமையல்காரர் இன்னைக்கே எண்ணிக்கை கேக்குறார். 60ஆ 80ஆ?

முரளி: இருக்கு அத்தை. அப்புறம் சொல்றேன்

ஜொகூர் சித்தப்பா: (பலமுறை அனுப்பப்பட்டது) ஹைதராபாத்தில் ஜூன் மாதம் உயிர் மீன் வாயில் மருந்து வைத்து விழுங்கினால் ஆஸ்துமா அடியோடு...

முரளி: சித்தப்பா இது நாலாவது தடவை

சிவா மாமா: கவிதா, ஆரஞ்சு இன்ஹேலர் பம்ப் காலையும் ராத்திரியும் அடிக்கிறானா? நீலம் இல்ல. நீலம் இழுப்பு வந்தா மட்டும்

கவிதா: ஒரு மாசமா இல்ல மாமா

கவிதா: ஏன்னு வீட்ல கேளுங்க

முரளி: கவி

அப்பத்தா (குரல் பதிவு, 0:58): நாந்தான் நிறுத்தச் சொன்னேன், இதுல மறைக்க என்ன இருக்கு. அதுல ஸ்டீராய்டு இருக்குன்னு அவளே சொன்னா. பச்சப்புள்ள. முரளி அப்பாவுக்குக் கம்பத்துல, அந்தப் பழைய கிராமத்து வீட்டுல, இழுத்துக்கிட்டுக் கிடந்தப்ப எந்த பம்பு இருந்துச்சு? சின்சே, அந்தச் சீன வைத்தியர், கொடுத்த கசாயந்தான். மூணு கிண்ணம் தண்ணிய ஒரு கிண்ணமா வத்தவச்சு நாந்தான் கொடுப்பேன். கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு உக்காந்துருவாரு

தேக்கா அத்தை: ஆனா அண்ணன் அன்னிக்கு ராத்திரி தூங்கமாட்டார் அண்ணி. நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு என்னைய விசிறச் சொல்வார்

சிவா மாமா: அக்கா, அந்தக் கசாயம் வேலை செஞ்சது நிஜம். அதுல மா ஹுவாங்னு ஒரு சீன மூலிகை இருந்திருக்கும். இலையே தெரியாம தொடப்பக்குச்சி மாதிரி இருக்கும், நானே நீ ஊறவச்சுப் பாத்திருக்கேன். அதுல இருக்கிற எஃபெட்ரின் மூச்சுக்குழாயை விரிக்கும். 1885ல ஜப்பான்ல நாகாய்ங்கிறவர் அதைத் தனியாப் பிரிச்சார். 1924ல பீக்கிங்ல இருந்த சென்னும் ஷ்மிட்டும் அதைப் பத்தி எழுதின அப்புறம் மத்த நாட்டு டாக்டர்களும் ஆஸ்துமாவுக்குக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. ஆனா அதே சரக்கு நெஞ்சையும் விரட்டும், பிரஷரை ஏத்தும், தூக்கத்தைக் கெடுக்கும். மச்சானுக்குப் படபடத்தது அதனாலதான். இப்ப இருக்கிற நீல பம்ப் பெரும்பாலும் மூச்சுக்குழாயோட நின்னுடும்

தேக்கா அத்தை: அண்ணே, 60ஆ 80ஆ

முரளி: மாமா கொஞ்சம் சுருக்கமா

சிவா மாமா: சுருக்கிச் சொல்ற விஷயம் இல்லடா. குழாய் விரிஞ்சா மட்டும் போதாது. ஆஸ்துமான்னா உள்ளுக்குள்ள வீக்கம். தூசியைப் பாத்து உடம்போட காவல்காரனுங்க எதிரி வந்துட்டான்னு கூப்பாடு போடுறாங்க. அதை அடக்குறதுதான் ஆரஞ்சு பம்ப். அதுல இருக்கிற ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கு, நேரா நுரையீரலுக்குப் போகும். சீன மூலிகையாலயும் அந்தக் கூப்பாட்டை அடக்க முடியுமான்னு பாத்திருக்காங்க. 2005ல ஒரு ஆய்வு வந்தது. சீனாவுல 91 பேர், நாலு வாரம். ஒரு பக்கம் லிங்ஷி காளான், குஷென் வேர், அதிமதுரம். இன்னொரு பக்கம் ப்ரெட்னிசோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை. ரெண்டு பக்கமும் மூச்சு தேறுச்சு, மாத்திரைப் பக்கம் கொஞ்சம் கூட. அலர்ஜியைக் கிளப்புற ஐஜிஇ ரெண்டு பக்கமும் குறைஞ்சது. மூலிகை சாப்பிட்டவங்களுக்கு உடம்பு தானா சுரக்குற ஸ்டீராய்டான கார்ட்டிசோல் குறையல, அது பெரிய விஷயம். ஆனா அத்தனை பேரும் பெரியவங்க, மருந்தும் அளந்து சோதிச்சுக் கொடுத்தது. ஏழு வயசுப் புள்ளைக்கு அதை வச்சு பம்பை நிறுத்த முடியாது

ஜொகூர் சித்தப்பா: அதிமதுரம் நம்ம நாட்டு மருந்துதானே. நான் தினமும் வாயில போட்டுச் சப்புறேன்

சிவா மாமா: உங்களுக்கு பிரஷர் இருக்குல்ல? தினமும் வேண்டாம். பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும்

ஜொகூர் சித்தப்பா: யாரும் சொல்லலியே

சிவா மாமா: அக்கா, பம்புக்குப் பதிலா தம்பிக்கு எந்த சின்சே மருந்து கொடுத்தார்? டப்பாவுல பேர் என்ன?

அப்பத்தா (குரல் பதிவு, 0:21): சின்சே இல்லப்பா. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில வித்த ஒரு அம்மா. பழுப்புப் பொடி, வெறும் பொட்டலம். ரெண்டே நாள்ல இழுப்பு நின்னுச்சு தெரியுமா

சிவா மாமா: ரெண்டே நாள்லயா

சிவா மாமா: கவிதா, அவனுக்குப் பசி எப்படி? முகம்?

கவிதா: ஒரு மாசமா பசி பசின்னு ராத்திரி பத்து மணிக்கு மேகி கேட்டான். கன்னம் உப்பி யூனிஃபார்ம் பட்டன் போட முடியல. நான்தான் போட்டோ எடுத்து இங்க போட்டேன்

தேக்கா அத்தை: நான்கூட சுத்திப் போடச் சொன்னேன்

சிவா மாமா: பொடியை எப்ப நிறுத்தினீங்க?

அப்பத்தா: போன வெள்ளி

சிவா மாமா: அந்தப் பசியும் உப்பின கன்னமும் பாத்தா, பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு சந்தேகப்படுறேன். இந்த மாதிரிப் பேரில்லாத மருந்துல டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு இருந்ததைச் சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையம் பலதடவை பிடிச்சிருக்கு. அப்படின்னா பம்புக்குப் பயந்தோமே, அதைவிடப் பல மடங்கு வயித்துக்குள்ள போயிருக்கு. திடீர்னு நிறுத்தினா உடம்பு தன்னால சுரக்காம தடுமாறும். வாந்தி, மயக்கம் வந்தா ஆபத்து. ராத்திரி டாக்டர்கிட்ட பொடியைப் பத்திச் சொன்னீங்களா?

முரளி: கேட்டாங்க மாமா. அம்மா பக்கத்துல இருந்தாங்க

கவிதா: நானாவது சொல்லியிருக்கணும்

சிவா மாமா: இப்பவே திரும்பப் போங்க. எந்திரிக்கட்டும்னு காத்திருக்காதீங்க. மிச்சப் பொடியை அப்படியே எடுத்துட்டுப் போங்க

அப்பத்தா (குரல் பதிவு, 0:07): நானா அவனுக்குக் கெடுதல் நெனப்பேன் சிவா

சிவா மாமா: இல்லக்கா. ஏமாத்தினது வித்தவ. நம்ம கம்பத்து சின்சே நாடி பிடிச்சு, நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்துல்ல கொடுத்தார். இப்பவும் சின்சேகிட்ட காட்டணும்னா பதிவு பண்ணவர்கிட்ட போவோம், டாக்டருக்கும் சொல்லிட்டு, பம்பை நிறுத்தாம

சிவா மாமா: முரளி, கோயில்ல ஹோமப் புகை ஆகாது. காதுகுத்தை வீட்டுலயே வச்சா என்ன

ஜொகூர் சித்தப்பா: வீட்டுல எங்க 80 பேர் உக்கார்றது

முரளி: அப்புறம் பேசலாம். கிளம்புறோம்

கவிதா: அத்தை, சமையல்கட்டுல காலிப் பொட்டலம் ஒண்ணுதான் கெடக்கு

அப்பத்தா: முருகன் படத்துக்குப் பின்னாடி ரெண்டு இருக்கு. அவசரத்துக்குன்னு எடுத்து வச்சேன்

அப்பத்தா: நானும் வர்றேன். டாக்டர்கிட்ட நானே சொல்றேன்

கவிதா: வாங்க அத்தை. லிஃப்ட்கிட்ட நிக்கிறோம்

தேக்கா அத்தை: சமையல்காரர் மறுபடி கூப்பிடுறார். 70ன்னு சொல்லிரவா?